தேடிப் பார்க்காத சொல்

புருஷனின் போனை எடுத்துப் பார்க்கும் பழக்கம் சர்மிளாவுக்கு இருந்ததில்லை. அன்றைக்கும் பார்க்க வேண்டும் என்று அவள் எடுக்கவில்லை. மோகனராஜ் குளித்துக்கொண்டிருந்தான். மேசையில் சார்ஜில் கிடந்த போன் விட்டுவிட்டுச் சிணுங்கியது. கலஹாவில் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாமியார்தான் கூப்பிடுகிறாரோ என்று எடுத்தாள். கூப்பிட்டது யாருமில்லை. ருஷ்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்திகள் வந்துகொண்டிருந்தன.

ருஷ்தி அக்குறணைக்காரன். கண்டியில் ஜப்பான் மொழி வகுப்பில் மோகனராஜுக்குப் பக்கத்துக் கதிரை; அவனை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவான். இருவரும் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு ஜப்பான் போகப் படித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு இல்லாத நேரத்தில் ஆங்கில எழுத்தில் ஜப்பான் மொழியைத் தட்டி ஒருவருக்கொருவர் அனுப்பிப் பழகுவார்கள். சர்மிளாவுக்கு அதில் ஒன்றும் விளங்காது. திரும்ப வைக்கத்தான் போனாள். வைக்கும் முன் ஒரு சொல் கண்ணில் பட்டது.

கனி.

ஒரு தடவை அல்ல. மேலே மேலே தள்ளிப் பார்த்தாள், அந்தப் பெயர் வந்துகொண்டே இருந்தது. "கனி கா சுகி தெஸ்" என்று மோகனராஜ் எழுதியிருந்தான். கீழே ருஷ்தி, "கனி தொகோ நி இமாஸ் கா?" அதற்கு மோகனராஜ், "கவா நி இமாஸ்." பிறகு ருஷ்தி கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் படமொன்றைப் போட்டிருந்தான்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சர்மிளா போனை இருந்த இடத்திலேயே, இருந்த பக்கமாகவே வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

கனி யாரென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணம் நிச்சயமான பிறகு மோகனராஜே சொல்லியிருந்தான். "ஒரு பொண்ணு இருந்துச்சு. கனிமலர்னு பேரு. நாங்க கனின்னு கூப்பிடுவோம். அவங்க வீட்டுல விரும்பல, முடிஞ்சி போச்சு. நாளைக்கு வேற யாரும் வந்து உனக்குச் சொல்லக் கூடாது, அதான் சொல்றேன்." அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. இப்படி மறைக்காமல் சொல்கிறவன் நல்லவன் என்றுதான் அப்போது தோன்றியது. பிறகு ஒரு கல்யாண வீட்டில் மாமியாரும் இன்னொரு பெண்ணும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. கனி கெலிஓயாவில் ஆற்றங்கரையில் வீடெடுத்து, முன்னறையில் பியூட்டி பார்லர் போட்டிருக்கிறாளாம். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறானாம். அன்றைக்கு அது வெறும் ஊர்க்கதையாகக் கேட்டது.

அன்று மத்தியானம் வேலையிடத்தில் அவளுக்குக் கை ஓடவில்லை. பேராதனையில் கலஹா சந்திக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அவள் வேலை செய்தாள். போட்டோக்கொப்பி எடுப்பது, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குத் தட்டச்சு செய்து கொடுப்பது, போனுக்குக் காசு போட்டுவிடுவது. கடையில் கூட்டம் குறைந்ததும் கம்ப்யூட்டரில் ஜப்பான் மொழி அகராதி ஒன்றைத் திறந்தாள். மனதில் நின்ற சொற்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

சுகி. பிடிக்கும், விருப்பம் என்று வந்தது. காதல் என்றும் சில இடங்களில் சொல்லலாமாம்.

தொகோ. எங்கே.

இமாஸ். இருக்கிறார், வாழ்கிறார்.

கவா. ஆறு.

அவள் கைகள் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன. எனக்குக் கனியைப் பிடிக்கும். கனி எங்கே இருக்கிறாள்? ஆற்றங்கரையில் இருக்கிறாள். ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கெலிஓயா ஆற்றங்கரை இல்லாமல் வேறெந்த ஆற்றங்கரை? பொண்டாட்டிக்குத் தெரியாத மொழியில் நண்பனிடம் மனதைத் திறந்திருக்கிறான். ருஷ்தி அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறான்.

கனி என்ற சொல்லை மட்டும் அவள் தட்டவில்லை. தன் புருஷனின் பழைய காதலியின் பெயருக்கு யாராவது அகராதியில் பொருள் தேடுவார்களா?

இத்தனைக்கும் ஒரே சொல் இரண்டு மொழியில் இரண்டு வேலை பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கண்டியில் வளர்ந்தவள். தமிழில் மல்லி என்றால் கறிக்குப் போடுவது, சிங்களத்தில் தம்பி. வகுப்பில் சேர்ந்த புதிதில் மோகனராஜ் தினமும் இப்படிச் சொற்களைக் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டுவான்.

"சர்மி, ஜப்பான்ல எல்லாரும் குருமாவுல ஏறித்தான் வேலைக்குப் போவாங்க."

"குருமாவுலயா?"

"குருமான்னா கார்! அங்க அனின்னா அண்ணன். அனேன்னா அக்கா. நான் போய் யாரையாச்சும் அண்ணேன்னு கூப்பிட்டா என்னா ஆகும்னு பாரேன்."

இருவரும் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். அவன் தன்னைச் சோதிக்கச் சொல்வான், அவள் ஒவ்வொரு சொல்லாகக் கேட்பாள், அவன் பொருள் சொல்வான். ஆனால் இந்தக் கனி அந்தச் சொற்களோடு சேரும் என்று அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்த உடனே அவளுக்கு ஒரு முகம் தெரிந்தது. அவள் ஒருநாளும் பார்த்திராத முகம், அதனால் வேண்டிய அளவு அழகாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் சொல் கேட்க உட்காரவில்லை. தலைவலி என்றாள், துணி மடிக்க இருக்கிறது என்றாள். அவன் கண்ணாடி முன் நின்று தனியாகப் பழகினான். நேர்முகப் பரீட்சைக்கு முதுகை வளைத்து வணங்கவும் பணிவான குரலில் பேசவும் வேண்டுமாம். துணி மடித்தபடி அவள் அந்தக் குரலைக் கேட்டாள். என்னிடம் இவர் ஒருநாளாவது இத்தனை மென்மையாகப் பேசியிருக்கிறாரா? அவன் ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்கும்வரை, அதில் அந்தப் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வந்தால் நெஞ்சு எரிந்தது. வராவிட்டால், நான் இருப்பதால்தான் தவிர்க்கிறார் என்று எரிந்தது.

"என்னா சர்மி, மேலுக்குச் சரியில்லையா?"

"ஒன்னுமில்ல."

"நான் போறதுதான் யோசனையா?"

"போகத்தானே படிக்கிறீங்க," என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பினான்.

பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தது. மோகனராஜ் ருஷ்தியோடு படிக்க அக்குறணைக்குப் போய்விட்டான். சர்மிளா சாரியை மாற்றிக்கொண்டு கம்பளை பஸ்ஸில் ஏறி, கெலிஓயாவில் இறங்கினாள். பார்லரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஆற்றுக்குப் போகும் சந்தில், தகரப் பலகையில் ஒரு பெண்ணின் தலை வரைந்திருந்தது. வாசலில் ஓர் ஆட்டோ. அதன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்து, "உள்ள போங்க தங்கச்சி, ஆளிருக்கு," என்றார். அவர்தான் திவாகரன், கனியின் புருஷன்.

உள்ளேயிருந்து வந்த பெண்ணைப் பார்த்ததும் சர்மிளாவுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவள் இத்தனை நாளும் மனதில் வளர்த்து வைத்திருந்த அழகி அல்ல. கொஞ்சம் குட்டை, கண்ணுக்குக் கீழே களைப்பு. ஆனால் குரல் நன்றாக இருந்தது, சிரித்தபடி பேசும் குரல்.

"வாங்க மிஸ். புருவமா, முகமா?"

"புருவம்."

சாய்கதிரையில் அவளைச் சாய்த்து, கனி நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள். பவுடர் வாசம் அடித்தது. சர்மிளா கண்களை மூடித் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நூல் புருவத்தின் மேல் கிறுகிறுவென்று ஓடியது. கண்ணோரத்தில் நீர் கோத்தது.

"வலிக்குதா மிஸ்? இந்தா முடிஞ்சிரும். எங்கருந்து வர்றீங்க?"

"பேராதனை."

"அங்க நல்ல பார்லர் இருக்கே! இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க."

நல்லவள் என்று தெரிந்தது. அது இன்னும் பொறுக்க முடியாததாக இருந்தது. இந்த விரல்கள் என் முகத்தில் படுவது போல் அவர் கையிலும் பட்டிருக்கும், இதே சிரிப்பை அவரும் கேட்டிருப்பார் என்று நினைத்தபோது சர்மிளாவால் படுத்திருக்க முடியவில்லை.

"மோகனராஜ் இங்க வர்றாரா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

நூல் நின்றது.

"எந்த மோகனராஜ்?"

"கலஹா மோகனராஜ்."

கனி வாயிலிருந்து நூலை எடுத்தாள். "நீங்க யாரு?"

"அவரு பொண்டாட்டி." சர்மிளா எழுந்து உட்கார்ந்தாள். பேசத் தொடங்கியதும் குரல் தன்னால் உயர்ந்தது. "வரலன்னா, உங்கள பிடிக்கும்னு கூட்டாளிக்கு ஏன் எழுதுறாரு? நீங்க ஆத்தங்கரையில இருக்கீங்கன்னு ஏன் எழுதுறாரு? எனக்கு விளங்காத பாஷையில எழுதினா கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்?"

"மிஸ், அவர நான் கண்ணால பார்த்தே வருஷக்கணக்காகுது. என் பிள்ளை மேல சத்தியமா." கனியின் பார்வை சர்மிளாவின் தோளுக்கு மேலாக வாசலுக்குப் போயிற்று.

திவாகரன் துணியைக் கையில் வைத்தபடி அங்கே நின்றுகொண்டிருந்தார். மனைவியைப் பார்த்தார், சர்மிளாவைப் பார்த்தார், திரும்ப ஆட்டோவுக்குப் போனார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைக்கும் சத்தம் கேட்டது.

சர்மிளா கதிரையிலிருந்து இறங்கப் போனாள்.

"இருங்க," என்றாள் கனி. "ஒரு பக்கத்த மட்டும் எடுத்துட்டு ரோட்டுல போக ஏலாது."

மறுபுருவத்தையும் அவள் எடுத்து முடித்தாள். கடைசியில் பஞ்சால் துடைத்துவிட்டு, முதல் தடவையாகச் சர்மிளாவின் கண்ணுக்குள் பார்த்தாள். "எனக்கு ஒரு குடும்பம் இருக்கு, மிஸ்," என்றாள். அவ்வளவுதான்.

சாயந்தரம் மோகனராஜ் வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே சர்மிளா சொல்லிவிட்டாள். "கெலிஓயாவுக்குப் போனேன்."

அவன் குனிந்தபடியே நின்றான். "யாரப் பார்க்க?"

"கனிய."

நிமிர்ந்த முகத்தில் ஓர் அசைவு ஓடி மறைந்ததை அவள் கண்டாள். அது போதும் என்று இருந்தது. இத்தனை நாளும் வாய்க்குள் அடைத்து வைத்ததையெல்லாம் கொட்டினாள். போனைப் பார்த்தது, சுகி, தொகோ, கவா, ஆறு, அகராதி. அவன் முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தான். பிறகு வாயைத் திறந்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நண்டு, சர்மி! கனின்னா நண்டு!"

"என்னைய பைத்தியக்காரின்னு நெனச்சீங்களா?"

அவன் ருஷ்திக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி அவள் முன்னால் நீட்டினான்.

"ருஷ்தி, ஜப்பான்ல கனின்னா என்னா?"

"நண்டுதானே மோகன் நானா," என்றது ருஷ்தியின் குரல். "இப்பதானே படிச்சிட்டுப் போனீங்க? என்ன, சோதனைக்கு வருமாமா?"

மோகனராஜ் பாடப்புத்தகத்தை எடுத்து, மீன், இறால், நண்டு என்று படம் போட்டிருந்த பக்கத்தைக் காட்டினான். காலை விரித்துக்கொண்டு சிவப்பாக ஒரு நண்டு இருந்தது. எனக்கு நண்டு பிடிக்கும். நண்டு எங்கே இருக்கிறது? ஆற்றில் இருக்கிறது. சர்மிளா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். எத்தனை நாள் பாரம்! கொஞ்ச நேரத்துக்கு அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது.

திடீரென்று அவன் கை நின்றது. "நீ இத அங்க போய்ச் சொன்னியா? அவ புருஷன் இருந்தானா?"

"வாசல்லதான் நின்னாரு."

"கடவுளே. அவன் என்ன நெனைப்பான்? அவளுக்கு என்ன கஷ்டமோ, பாவம்."

பாவம் என்ற சொல் அவளைக் குத்தியது. நான் வெந்து கிடந்தபோது யாரும் பாவம் என்று சொல்லவில்லையே. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடியும் பார்த்தாள்.

"இந்த வசனம் இதுல எங்க இருக்கு?"

"எந்த வசனம்?"

"நண்டு பிடிக்கும்னு."

"புத்தகத்துல இல்ல. வகுப்புல சென்செய் எங்களையே எழுதிப் பழகச் சொன்னாங்க. பிடிச்ச சாமான் எதையாவது போட்டு."

"ருஷ்தி என்ன எழுதினாரு?"

"அவன் புரியாணி."

"உங்களுக்கு நண்டு ஒத்துக்காதே," என்றாள் சர்மிளா மெதுவாக. "ஒரு தடவ தின்னுட்டு உடம்பெல்லாம் தடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இவ்வளவு சாமான் இருக்க, ஏன் நண்டு?"

"சும்மாதான். ஞாபகத்துல நின்ன சொல்லு அது."

"ஏன் நின்னுச்சு?"

அவன் புத்தகத்தை மூடினான். பொய் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது, அவளும் அந்த நேரத்தைக் கொடுத்தாள். அவன் பொய் சொல்லவில்லை.

"உனக்குத் தெரியும்தானே," என்றான். "அந்தப் பக்கத்துல மத்த எல்லாச் சொல்லையும் பாடமாக்கணும். இது பார்த்த உடனே ஒட்டிக்கிச்சு. எழுதுறப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு. ருஷ்திக்கு ஏன்னு தெரியாது. வேற ஒன்னும் இல்ல, சர்மி. சத்தியமா வேற ஒன்னும் இல்ல."

அவள் நம்பினாள். நம்பினது ஆறுதலாக இல்லை. எழுதும்போது அவனுக்கு மட்டும் வந்த அந்தச் சிரிப்பை அவள் எந்த அகராதியில் போய்த் தேடுவாள்? போனில் பார்த்தது பொய்யாகிவிட்டது, சண்டை போட ஆளில்லை, கோபப்பட நியாயமில்லை. அவன் தலைக்குள் ஏதோ ஒரு மூலையில் ஒரு பெண்ணின் பெயர் தூசி படாமல் கிடக்கிறது, எடுக்காமலே கைக்கு வருகிறது. தன் பெயருக்கு ஜப்பான் மொழியில் ஏதாவது பொருள் இருக்குமா, இருந்தால் அது அவனுக்கு இப்படி ஒட்டிக்கொள்ளுமா என்று யோசித்தாள். தன்னைத் தானே வெறுத்தாள். ஆனாலும் யோசிப்பதை நிறுத்த முடியவில்லை.

அந்த வாரத்திலேயே திவாகரன் கடைக்கு வந்தார். கலஹாப் பக்கம் விசாரித்து அவள் வேலை செய்யும் இடத்தைத் தெரிந்துகொண்டிருப்பார் போல. கொப்பி எடுக்க நின்ற மாணவர்கள் போகும்வரை ஓரமாக நின்றார். சவரம் செய்யாத முகம். அந்தக் கண்களைப் பார்த்ததும் சர்மிளாவுக்குத் திக்கென்றது. கொஞ்ச நாளாகக் காலையில் தன் கண்ணாடியில் பார்த்த கண்கள் அவை.

"தங்கச்சி, சண்டைக்கு வரல," என்றார். "நீங்க பார்த்தத எனக்கும் காட்டுங்க. அவ ஒன்னுமில்லங்கிறா. இருக்கலாம். ஆனா ஒன்னுமில்லாததுக்கு நீங்க பஸ் ஏறி வரமாட்டீங்கதானே."

"அண்ணே, அது என் பிழை. கனின்னா ஜப்பான் பாஷையில நண்டு."

அவர் சிரிக்கவில்லை. அவளுக்காக வருத்தப்படுவது போல் பார்த்தார். "அவரு அப்படிச் சொன்னாரா?"

சர்மிளா கம்ப்யூட்டர்த் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அதே அகராதிதான். இம்முறை அந்தச் சொல்லைத் தட்டினாள். நண்டு வந்தது. படங்களைத் தட்டினாள். திரை முழுக்க நண்டுகள். கறுப்பு, சிவப்பு, அவித்தது, உயிரோடு மணலில் ஓடுவது. திவாகரன் மேசை மேல் கையை ஊன்றி நெடுநேரம் பார்த்தார். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு மறுபடியும் விறைத்தது.

"சரி. நண்டு. ஆனா உலகத்துல இல்லாத சாமானா? அந்த மனுசன் நண்டப் பத்தி ஏன் எழுதினாரு?"

அவள் கேட்ட அதே கேள்வி. பதில் அவளுக்குத் தெரியும், வாய் நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் கனியின் வீட்டிலும் அது போய் உட்காரும் என்பதும் தெரிந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், உட்காரட்டுமே என்றும் இருந்தது. நான் மட்டுமா வேக வேண்டும்?

"புத்தகத்துல இருக்கிற வசனம், அண்ணே," என்றாள். "வகுப்புல எல்லாரும் அதைத்தான் எழுதணும். ருஷ்தின்னு அக்குறணைக்காரர் ஒருத்தர், அவரும் அதேதான் எழுதினாரு."

"புத்தகத்துல இருக்கா?"

"இருக்கு. நானே பார்த்தேன்."

அவர் மூச்சை விட்டார். முகத்தை இரண்டு கையாலும் வழித்துக்கொண்டார். "அன்னையிலருந்து நாங்க ரெண்டு பேரும் சரியாப் பேசல, தங்கச்சி. யாரு போன் எடுத்தாலும் யாருன்னு கேட்டுட்டேன். கதவு தட்டினா எட்டிப் பார்த்துட்டேன். என்ன மாதிரி ஆளாகிட்டேன் பாருங்க." போகும்போது வாசலில் நின்று, "நண்டாம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இந்த முறை சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது.

மோகனராஜ் பரீட்சை எழுதக் கொழும்புக்குப் போன அன்று சர்மிளா கடைக்கு லீவு சொன்னாள். அவனை விடியற்காலை ரயிலில் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு மறுபடியும் கம்பளை பஸ் எடுத்தாள்.

பார்லரில் வேறு யாரும் இல்லை. கனி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"மன்னிப்புக் கேக்க."

கனி அவளை உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. இருவரும் வாசற்படியில் நின்றார்கள். சந்தின் கடைசியில் ஆறு தெரிந்தது, மழைக்குப் பிறகு செம்மண் நிறத்தில்.

"அடிக்கிற மனுசன் இல்ல அவரு," என்றாள் கனி. "ஆனா பேசாம இருந்தாரு. பேசாம இருந்தா நான் என்னாத்த சொல்ல? உங்க கடைக்குப் போய்ட்டு வந்தப்பறம்தான் சாப்பிட்டாரு. இப்ப என்னைய நண்டுன்னு கூப்பிடுறாரு. பிள்ளையும் அம்மா நண்டுங்குது."

சர்மிளாவுக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. கனியே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "புத்தகத்துல இருந்த வசனம்னு அவர்கிட்ட சொன்னீங்களாமே," என்றாள்.

"ம்."

"நெசமாவா?"

இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆமாம் என்பது ஒரே ஒரு சொல். அதை இவளிடம் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. சர்மிளா வாயைத் திறந்தாள். அன்றைக்குத் திவாகரனிடம் அவ்வளவு சுலபமாக வந்த பொய் இவள் முன்னால் வரவில்லை. அவள் ஆற்றைப் பார்த்தாள்.

அந்த மௌனத்தில் கனிக்கு விளங்கிவிட்டது. முகம் சிவக்கவில்லை. முந்தானையை எடுத்து, துடைக்க ஒன்றுமில்லாத கையைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் கண்ணில் ஏதோ ஒன்று வந்து போனது. யாரோ தன்னை மறக்கவில்லை என்று தெரிந்துகொண்ட பெண்ணின் கண். என் கையாலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டேனே என்று சர்மிளாவுக்குள் பழைய நெருப்பு ஒரு தரம் எழுந்தது. அவள் அதை எழ விட்டாள். முன்னைப்போல் அது அவளை எங்கேயும் இழுத்துக்கொண்டு ஓடவில்லை. எரிந்தது, நின்ற இடத்திலேயே நின்று எரிந்தது.

"உள்ள வாங்க," என்றாள் கனி. "டீ ஊத்துறேன்."

குடித்தார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும் பேசினார்கள். அவன் பெயரை இருவருமே எடுக்கவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது போன் வந்தது. மோகனராஜ்.

"சர்மி! பாஸ்! இப்பவே கம்ப்யூட்டர்ல காட்டிட்டாங்க. ருஷ்தியும் பாஸ்!"

"நெசமாவா?" அவளுக்குச் சந்தோஷமும் இருந்தது, இனி போய்விடுவான் என்பதும் இருந்தது.

"நீ எங்க நிக்கிற? ஒரே பஸ் சத்தமா இருக்கு."

கடைக்கு முன்னால் என்று சொல்லியிருக்கலாம். "கெலிஓயாவுல," என்றாள். "கனி வீட்டுக்கு வந்தேன். மன்னிப்புக் கேட்டேன்."

மறுபக்கத்தில் கொழும்பு வீதியின் ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டது. அவன் ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தாள். அவள் எப்படி இருக்கிறாள், என்ன சொன்னாள். அவன் கேட்கவில்லை. விருப்பம் இல்லாமல் கேட்கவில்லையா, விருப்பம் இருந்ததால் கேட்கவில்லையா என்று அவளுக்குத் தெரியாது. இனி ஒருநாளும் தெரியப் போவதுமில்லை.

"நல்லா இருக்காங்க," என்றாள் அவளாகவே.

"சரி," என்றான் மோகனராஜ். கொஞ்சம் பொறுத்து, "நல்லது செஞ்ச," என்றான். பிறகு, "ரயில் ஏழு மணி ஆகும் வர. சாப்பிடாம இருக்காத."

"நீங்க வந்தப்பறம் சாப்பிடுவோம்," என்றாள். கண்டி பஸ் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு அவள் கையை நீட்டினாள்.